'தி கேம்' (1997): நிக்கலஸ் குதிக்காமல் இருந்திருந்தால்?
வணக்கம் நண்பரே. டேவிட் ஃபின்ச்சர் இயக்கிய இந்தப் படத்தில், பணக்காரரான நிக்கலஸை வைத்து ஒரு நிறுவனம் நிஜம் போலவே ஒரு விளையாட்டை நடத்துகிறது. கடைசியில் மொட்டைமாடியிலிருந்து அவர் தானாகக் குதிக்காவிட்டால் அந்த நிறுவனத்தின் திட்டமே பாழ்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கான பதில் படத்திலேயே ஒரே வரியில் வந்து போகிறது. கண்ணாடிக் கூரையை உடைத்துக்கொண்டு காற்றுமெத்தையில் விழுந்தபின் வரும் விருந்தை மறுபடி பாருங்கள். நீ குதிக்காவிட்டால் நானே தள்ளிவிட வேண்டியிருந்தது என்கிறார் அந்த நிறுவனத்துக்காக நடித்த ஃபைன்கோல்ட். நிக்கலஸ் குதிப்பார் என்று நிறுவனத்தார் நம்பியதற்கும் காரணம் உண்டு: நிக்கலஸின் அப்பா 48 வயதில் கூரையிலிருந்து குதித்து இறந்தவர், இவருக்கும் இப்போது அதே 48. தொடக்கத்தில் ஓடும் பழைய வீட்டுப் படச்சுருளைக் கவனித்துப் பாருங்கள். ஆனால் சரியாக மெத்தைக்கு நேர்மேலே எப்படிக் குதித்தார்? அந்த ஓட்டையை ஃபின்ச்சர் அடைக்கவில்லை என்றே நினைக்கிறேன்.