சொல் கேளுங்கள்: ‘சாரி’ என்றால் மன்னிப்பு மட்டும்தானா?

கேள்வி: போன மாதம் என் அப்பா காலமானார். எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே, தரைத்தளத் திறந்தவெளியான வாய்ட் டெக்கில் அவரைக் கிடத்தியிருந்தபோது, பக்கத்து வீட்டுச் சீன ஆண்ட்டி வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு “ஐ ஆம் ஸோ சாரி” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மன்னார்குடியிலிருந்து வந்திருந்த பெரியம்மா, “அந்தம்மா எதுக்கு மன்னிப்புக் கேக்குது? உங்களுக்குள்ள ஏதாச்சும் சண்டையா?” என்று என்னிடம் கேட்டார். எனக்கு விளக்கத் தெரியவில்லை. சாரி என்றால் மன்னிப்புதானே?
- ஈசூன் வாசகி

பதில்: அப்பாவின் மறைவுக்கு என் ஆழ்ந்த இரங்கல், அம்மா. அந்த ஆண்ட்டி சொன்னதும் இதையேதான்.

உங்கள் பெரியம்மாவுக்கு வந்த சந்தேகம் சின்னச் சந்தேகம் இல்லை. 31 ஆண்டுகள் தாதியாக வேலை பார்த்தவள் நான். இந்த ஒரு சொல் தப்பாக மொழிபெயர்க்கப்பட்டு ஒரு குடும்பம் கலங்கிப்போனதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ராத்திரி ஷிஃப்ட். மாரடைப்போடு வந்த பெரியவரைக் காப்பாற்ற முடியவில்லை. இளவயது டாக்டர் வெளியே வந்து, “ஐ ஆம் ஸோ சாரி” என்று ஆரம்பித்தார். பெரியவரின் மனைவிக்கு ஆங்கிலம் தெரியாது. கூட வந்திருந்த உறவுக்காரப் பையன், “டாக்டர் மன்னிச்சுக்கங்கன்னு சொல்றாரு” என்றான். அந்த அம்மா விருட்டென்று எழுந்து, “மன்னிப்புக் கேக்குற அளவுக்கு என் வீட்டுக்காரருக்கு என்ன பண்ணீங்க?” என்று கேட்டார். டாக்டர் திகைத்து நிற்கிறார். பெரியவரின் கைக்கடிகாரமும் மோதிரமும் போட்ட பிளாஸ்டிக் பை என் கையில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டே அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, “அம்மா, தப்புப் பண்ணிட்டேன்னு அவர் சொல்லல. உங்களுக்கு இப்படி ஆயிடுச்சேன்னு அவருக்கும் மனசு வலிக்குது, அதைத்தான் சொல்றாரு” என்றேன். அவர் டாக்டரின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம்தான் அழுதார். அதுவரை அவருக்கு அழக்கூட வரவில்லை.

அந்தப் பையனைக் குறை சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடத்தில் நமக்கெல்லாம் சாரி என்றால் மன்னிப்பு என்றுதானே சொல்லிக்கொடுத்தார்கள்? ஆனால் அந்தச் சொல் பிறந்தது வேறு இடத்தில். பழைய ஆங்கிலத்தில் ‘ஸார்’ என்றால் வலி, புண். தொண்டை வலிக்கு இன்றும் ‘சோர் த்ரோட்’ என்கிறோமே, அந்த ‘சோர்’ இதிலிருந்து வந்ததுதான். ‘ஸார்’ உள்ளவர் ‘ஸாரிக்’, அதாவது வலியோடு, வேதனையோடு இருப்பவர். அந்த ‘ஸாரிக்’தான் தேய்ந்து ‘சாரி’ ஆனது. ‘ஐ ஆம் சாரி’ என்பதன் அடிப்பொருள் ‘நான் வேதனையில் இருக்கிறேன்’. வேதனை நான் செய்த தப்பினால் வந்தால், அது மன்னிப்புக் கேட்பதாகிறது. உங்களுக்கு நேர்ந்ததைப் பார்த்து வந்தால், அது துக்கத்தில் பங்கெடுப்பது. துக்கத்தைக் குறிக்கும் ‘ஸாரோ’ என்ற சொல்லும் இதே குடும்பம் என்று பலர் நினைக்கிறார்கள். கேட்கத்தான் ஒன்றுபோல இருக்கும், அதன் வேர் வேறு.

தமிழில் இதற்குச் சரியான சொல் நம் வாயிலேயே இருக்கிறது: வருத்தம். ‘தாமதத்திற்கு வருந்துகிறோம்’ என்று அறிவிப்பு எழுதுகிறோம், அது தப்புக்கு. ‘உங்க அப்பா போனது ரொம்ப வருத்தமா இருக்கு’ என்கிறோம், அது துக்கத்துக்கு. எங்கள் வார்டில் யாழ்ப்பாணப் பூர்வீகம் உள்ள ஒரு பாட்டி இருந்தார். “பிள்ளை, எனக்கு வருத்தம்” என்பார். புதிதாக வந்த தமிழ்நாட்டுத் தாதி, பாட்டி மனக்கவலையில் இருக்கிறார் என்று நினைத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத் தமிழில் வருத்தம் என்றால் நோய். பாட்டிக்கு வயிற்றுவலி! ஆங்கிலத்தில் புண்ணிலிருந்து சாரி வந்ததுபோல, நம் வருத்தமும் ஓர் ஊரில் உடம்பைச் சொல்கிறது, இன்னோர் ஊரில் மனத்தைச் சொல்கிறது. அன்றிலிருந்து எனக்கு அந்தச் சொல்மேல் தனிப் பிரியம்.

சிங்கப்பூரில் நம்மைச் சுற்றியுள்ள மற்ற மொழிகளையும் பாருங்கள். மலாயில் தப்புக்கு ‘மாஃப்’, சாவு வீட்டில் ‘தக்ஸியா’. நோன்புப் பெருநாளில் ‘மாஃப் ஸாஹிர் டான் பாத்தின்’ என்று, வெளியேயும் உள்ளேயும் செய்த பிழைகளுக்காக மன்னிப்புக் கேட்பார்கள். இழவு வீட்டில் ஆறுதல் சொல்ல அந்தச் சொல்லை எடுப்பதில்லை. மாண்டரினில் தப்புக்கு ‘துய் பு சி’, துக்கத்துக்கு ‘ஜியே ஆய்’. துயரத்தை அடக்கிக்கொள்ளுங்கள் என்று பொருள். இவர்கள் இரண்டு சொல்லாக வைத்திருப்பதை ஆங்கிலம் ஒரே சொல்லில் வைத்திருக்கிறது. ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கே இதில் சிக்கல் உண்டு. டாக்டர் சாரி சொன்னால் நீதிமன்றத்தில் அது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடுமோ என்ற பயம் அங்கே இருந்தது. அதற்காகக் கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா 2006இலும் ஒன்டாரியோ 2009இலும் தனிச் சட்டமே போட்டன. வருத்தம் தெரிவிப்பதும் மன்னிப்புக் கேட்பதும் பொறுப்பை ஏற்றுக்கொண்டதாக ஆகாது என்கின்றன அந்தச் சட்டங்கள்.

நம் வழக்கத்தில் இதற்குத் துக்கம் விசாரிப்பது என்று பெயர். பெரும்பாலும் பேச்சே இருக்காது. கையைப் பிடிப்போம், கூட உட்கார்ந்து அழுவோம், கிளம்பும்போது போய்ட்டு வர்றேன் என்றுகூடச் சொல்லாமல் எழுந்து வந்துவிடுவோம். உங்கள் ஆண்ட்டி கையைப் பிடித்தாரே, அதிலேயே பாதி வந்துவிட்டது. பெரியம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: “பெரியம்மா, அவங்க துக்கம் விசாரிச்சாங்க.” அவருக்கு உடனே புரியும். ஆண்ட்டியைப் பார்க்கும்போது “தேங்க்யூ ஃபார் கமிங்” என்று சொல்லிவிடுங்கள். இந்த இடத்தில் சாரிக்கு ‘இட்ஸ் ஓகே’ பொருந்தாது.

கேள்வி: என் மகன் தொடக்கநிலை மூன்றில் படிக்கிறான். தங்கையை அடித்துவிட்டு, “நான்தான் சாரி சொல்லிட்டேனே” என்று போய்விடுகிறான். பாட்டியோ “ஒழுங்கா சாரி கேளு” என்கிறார். சாரி சொல்வதா, கேட்பதா?
- செங்காங் வாசகி

பதில்: ஆங்கிலத்தில் சொல்வதுதான். பாட்டி ‘மன்னிப்புக் கேள்’ என்பதன் இடத்தில் சாரியை வைத்துப் பேசுகிறார். ஆங்கிலம் பேசும்போது மட்டும் அதை அப்படியே பெயர்த்து ‘ஆஸ்க் சாரி’ என்று பையன் எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ‘ஸே சாரி’தான் சரி. ‘ஐ சாரி’ என்பதும் தவறு, இடையில் ‘ஆம்’ வேண்டும்.

ஆனால் வீட்டுக்குள் நான் பாட்டியின் பக்கம். சொல்வது என்றால் சொன்னதும் வேலை முடிந்தது, உங்கள் மகன் செய்வது அதைத்தான். கேட்பது என்றால் தங்கை பதில் சொல்லும்வரை அங்கேயே நிற்க வேண்டும். அவள் இன்னும் அழுதுகொண்டிருந்தால், அழுகை நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். என் பேரன் பேத்திகளிடமும் “சாரி கேளு” என்றுதான் சொல்கிறேன். அதை மாற்றிக்கொள்ளும் எண்ணம் எனக்கு இல்லை.

கேள்வி: எம்ஆர்டி ரயிலில் இறங்க வழி கேட்கும்போது ‘சாரி’யா, ‘எக்ஸ்கியூஸ் மீ’யா?
- பூன் லே வாசகர்

பதில்: இடிப்பதற்கு முன் எக்ஸ்கியூஸ் மீ, இடித்துவிட்டால் சாரி. ‘சாரி, சாரி’ என்று சொல்லிக்கொண்டே நுழைந்து போகிறவர்களும் உண்டு, அதையும் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

கேள்வி: நான் புதுக்கோட்டைக்காரன், இங்கே கட்டுமான வேலை. நான் ஏதாவது சொன்னால் எங்கள் இஞ்சினியர் “சாரி?” என்பார். பெரிய ஆள் நம்மிடம் மன்னிப்புக் கேட்கிறாரே என்று நானும் “பரவாயில்ல சார்” என்பேன். நேற்று அவர் ஒருமாதிரி பார்த்தார். நான் ஏதும் தப்பாகச் சொல்கிறேனா, அக்கா?
- துவாஸ் வாசகர்

பதில்: தம்பி, நீங்கள் மரியாதையாகத்தான் பேசியிருக்கிறீர்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவர் குரலைக் கவனியுங்கள். சாரி என்று குரல் கீழே இறங்கினால் மன்னிப்பு. கடைசியில் மேலே ஏறினால், “என்ன சொன்னீங்க? கேக்கலை” என்று பொருள். நாம் “ஆங்?” என்றோ “என்னங்க?” என்றோ கேட்கிறோமே, அதுதான். வெறுமனே ‘வாட்?’ என்பது முரட்டுத்தனமாக இருக்கும் என்று இப்படிக் கேட்கிறார்கள். அப்போது நீங்கள் சொன்னதையே இன்னொரு தடவை மெதுவாகச் சொன்னால் போதும்.

இதே சாரியை நீங்களும் பயன்படுத்துங்கள். இதைச் சொல்லத்தான் உங்கள் கடிதத்தை எடுத்துவைத்திருந்தேன். கை நசுங்கி எங்கள் வார்டுக்கு வந்த ஒரு தம்பி, கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு, “அவர் சொன்னது சரியாக் கேக்கலக்கா. திரும்பக் கேட்டாத் திட்டுவாரோன்னு ஓகேன்னு சொல்லிட்டேன்” என்றார். அவருக்கு 24 வயது. நீங்கள் அப்படித் தலையாட்டிவிட்டுப் போகாதீர்கள். “சாரி சார், ஒன் மோர் டைம்” என்று கேளுங்கள், இலக்கணம் பார்க்க வேண்டாம். இயந்திரச் சத்தம் அதிகமாக இருந்தால் காதுக்குப் பின்னால் கையை வைத்துக் காட்டிக்கொண்டே கேளுங்கள். இரண்டாவது தடவையும் புரியவில்லை என்றால், மூன்றாவது தடவையும் கேளுங்கள்.