கேள்வி பதில்: பாட்டிலின் அடியில் இரும்பு

கேள்வி: எண்ணூர் கழிமுகத்தில், காட்டுக்குப்பம் பக்கம் கறுப்புச் சேறு எடுத்தோம். அதைப் பிழிந்த தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து, மறுநாள் கல்லூரி லேபில் சோதித்தால் கரைந்த இரும்பு அனேகமாக இல்லை என்று வருகிறது. சேற்றில் இரும்பு நிறைய இருக்கும் என்கிறார் எங்கள் பேராசிரியர். எங்கே தப்பு?
– கல்லூரி மாணவி, திருவொற்றியூர்

பதில்: பாட்டிலைத் தூக்கி அடியைப் பாரும்மா. பழுப்பாக ஏதாவது படிந்திருக்கிறதா? உங்கள் இரும்பு அதுதான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இதே கூத்தை அடித்தேன். பாதி நிரம்பிய பாட்டில்களை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். தண்டையார்பேட்டையில் இறங்கும்போது தண்ணீர் டீ நிறம்.

அடிபம்பில் பளிங்காக வரும் தண்ணீர், சாயங்காலம் குடத்தின் அடியில் துருவாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே கதைதான். காற்றில்லாத சேற்றில் இரும்பு பெரஸ் வடிவில் கரைந்து கிடக்கும். ஆக்சிஜன் பட்டால் பெரிக் ஆகிப் படியும். பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) 1 அலகு கூடினால் இந்த வேகம் ஏறக்குறைய 100 மடங்கு கூடும். பிஎச் 7-ஐத் தாண்டினால் எல்லாம் நிமிடக் கணக்கு. நீங்களோ மறுநாள் வரை வைத்திருந்தீர்கள்!

அதனால் வேலையைக் கரையிலேயே முடித்துவிடுங்கள். பிழியும்போதே காற்று புகுந்துவிடும். சேற்றைக் குழாயோடு அப்படியே எடுத்து, பக்கத்தில் துளையிட்டு, ரைசான் என்ற நுண்துளைக் குழலைச் செருகி சிரிஞ்சால் இழுங்கள். முதல் சில சொட்டைக் கொட்டிவிடுங்கள். ரைசானே வடிகட்டியும்கூட. அது கிடைக்காவிட்டால் சிரிஞ்ச் முனையில் 0.45 மைக்ரான் பில்டர் மாட்டுங்கள். அப்புறம்தான், இரும்பு படியாமல் கரைந்தே இருக்க நைட்ரிக் அமிலம், பிஎச் 2-க்குக் கீழே வரும்வரை. முன்னாடியே அமிலம் விட்டால் சேற்றுத் துகளில் இருக்கும் இரும்பும் கரைந்து அளவு ஏறிவிடும்.

பெரஸ் மட்டும் வேண்டுமென்றால், பெரோசின் என்ற, பெரஸ் பட்டால் நிறம் மாறும் கரைசலைக் குப்பிகளில் ஊற்றிக் கையோடு கொண்டுபோங்கள். வடிகட்டிய நீர் விழுந்ததும் ஊதா நிறம் எடுக்கும். லேபில் அந்த நிறத்தின் அடர்த்தியை ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரில், 562 நானோமீட்டர் அலைநீளத்தில் படிக்கலாம். லேபில் பெனாந்த்ரோலின்தான் இருக்கிறதா? சரி, அதுவும் போதும். ஆரஞ்சுச் சிவப்பு, 510.

இத்தனை செய்தும் குறைவாக வந்தால் சேற்றை முகர்ந்து பாருங்கள். அழுகிய முட்டை நாற்றம் தூக்கலாக இருந்தால் இரும்பு நிஜமாகவே குறைவாக இருக்கலாம். சல்பைடு அதைப் பிடித்துப் படிய வைத்துவிடும்; சேற்றுக்கு அந்தக் கறுப்பைக் கொடுப்பதும் இப்படிப் படியும் இரும்பு சல்பைடுதான். அந்த மாதிரித் தண்ணீரில் அமிலம் விடும்போது மூக்கைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள், ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும்.