பங்குனி பிறந்தும் மல்லி பூக்கவில்லையா?

கேள்வி: திருச்சியில் மொட்டைமாடியில் நான்கு தொட்டிகளில் குண்டுமல்லி வைத்திருக்கிறேன். செடி பச்சைப்பசேலென்று கொடி மாதிரி ஓடுகிறது, பூ மட்டும் இல்லை. மாதம் இருமுறை கடலைப் பிண்ணாக்கு கரைத்து ஊற்றுகிறேன். எதிர்வீட்டில் தினமும் மடி நிறையப் பறிக்கிறார்கள். இப்போது செடியை ஒட்ட வெட்டிவிடலாமா? கோடைக்கு முன் வேறு என்ன செய்ய வேண்டும்?

பதில்: ஒட்ட வெட்டாதீர்கள். அதற்கான மாதம் போய்விட்டது. குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்தில், தரையிலிருந்து 50 செ.மீ. உயரம் விட்டு வெட்ட வேண்டும் என்பதுதான் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. கார்த்திகையில் வெட்டினால்தான் மாசி, பங்குனியில் புதுக் கிளை முற்றி மொட்டு வைக்கும். எதிர்வீட்டுக்காரர் அப்போதே கத்தரி எடுத்திருப்பார். (ஜாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி. மூன்றையும் ஒரே நாளில் வெட்டிவிட்டு முல்லையைத் திட்டுபவர்கள் உண்டு!)

இந்த வருடப் பூ முழுவதும் போய்விட்டதாக நினைக்க வேண்டாம். மல்லி மொட்டு புதுத் தளிரின் நுனியில்தான் வரும், பெரும்பாலும் மூன்று மூன்றாக. அதனால் கொடி போல ஓடும் ஒவ்வொரு கிளையிலும் நுனியில் நான்கைந்து கணு அளவுக்குக் கிள்ளிவிடுங்கள். காய்ந்த குச்சி, உள்பக்கமாக வளர்ந்த மெலிந்த கிளை இரண்டையும் எடுத்துவிடுங்கள். முற்றிய இலைகளில் பாதியை உருவிவிடலாம். பக்கத்தில் தளிர் வெடிக்கும். அதில் மொட்டு வரும்.

ஆனால் உங்கள் செடிக்கு உண்மையான பிரச்சினை பிண்ணாக்குதான் என்று நினைக்கிறேன். கடலைப் பிண்ணாக்கில் தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகம். தழைச்சத்து கூடினால் செடி இலையைத்தான் தள்ளும். வயலில் ஒரு மல்லிச் செடிக்கு ஆண்டுக்குத் தழை, மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாஷ்) சத்துகளை முறையே 60, 120, 120 கிராம் என்று இரண்டு தவணையாகப் பிரித்துக் கொடுக்கச் சொல்கிறார்கள். தொட்டிக்கு அந்த அளவு தாங்காது, விகிதத்தை மட்டும் பாருங்கள்: தழைச்சத்து மற்ற இரண்டில் பாதிதான். நீங்கள் அதைத் தலைகீழாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். இரண்டு மாதம் பிண்ணாக்கை நிறுத்துங்கள். தொட்டிக்கு இரண்டு கை மட்கிய சாணம், ஒரு கை எலும்புத்தூள் போட்டு மேல்மண்ணோடு கிளறிவிட்டால் போதும். அடுப்புச் சாம்பலும் நல்லதுதான். ஆனால் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் அதைத் தொட வேண்டாம், மண்ணின் காரத்தன்மை இன்னும் ஏறும். இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச்சத்துக் குறை. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) கரைத்து, மாலையில் இலைமேல் தெளியுங்கள்.

அப்புறம் வெயில். தண்ணீர்த் தொட்டி நிழலிலோ கைப்பிடிச் சுவர் ஓரத்திலோ வைத்திருந்தால் இடம் மாற்றுங்கள். அரை நாளாவது நேர்வெயில் படாத மல்லி பூக்காது.

மொட்டு வர ஆரம்பித்ததும் தினமும் ஒரு பார்வை பாருங்கள். ஓட்டை விழுந்திருந்தால் மொட்டுப்புழு. வளராமல் ஊதா நிறமாகிக் காய்ந்தால் மொட்டு ஈ. கெட்ட மொட்டுகளைப் பறித்துக் கவரில் கட்டி வெளியே போடுங்கள், தொட்டி மண்ணிலேயே உதிர விடாதீர்கள். அந்த ஈ மண்ணுக்குள்தான் கூட்டுப்புழுவாகிறது, அதனால் மேல்மண்ணை அடிக்கடி கிளறுவதே பாதி மருந்து. மீதிக்கு வேப்பெண்ணெயை லிட்டருக்கு 5 மி.லி. எடுத்து, கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலந்து வெயில் சாய்ந்த பிறகு அடிக்கலாம்.

கோடை வேலைகளில் முக்கியமானது ஒன்றுதான்: தொட்டி மாற்றுவதாக இருந்தால் பங்குனிக்குள் முடித்துவிடுங்கள். அக்னி நட்சத்திரத்தில் வேரைக் கலைத்தால் செடி தேறுவது கஷ்டம். தொட்டிகளைச் சூடான தளத்தில் நேரடியாக வைக்காமல் செங்கல்மேல் தூக்கி, ஒன்றோடொன்று நெருக்கி வையுங்கள். மண்மேல் காய்ந்த இலை, தேங்காய் நார் என்று எதையாவது இரண்டு அங்குலம் மூடுங்கள். தண்ணீர் காலை 7 மணிக்குள். மே மாதத்தில் மாலையிலும் ஒருமுறை ஊற்ற வேண்டியிருக்கும். குழாயைத் திறந்ததும் வருவது வெந்நீர், அதை ஒரு வாளியில் பிடித்துவிட்டு அப்புறம் செடிக்குத் திருப்புங்கள். நிழல்வலை கட்டுவதானால் கீரைக்கும் ரோஜாவுக்கும் கட்டுங்கள், மல்லிக்கு வேண்டாம்.