3060-ஆ, 4060-ஆ? கிராபிக்ஸ் கார்டு ஒப்பீடு: கேள்வி பதில்

கேள்வி: என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060-ல் 3584 கூடா கோர் (கணக்குப் போடும் சின்ன அலகு), 12 ஜிபி மெமரி, 192 பிட் பஸ் (சிப்புக்கும் மெமரிக்கும் இடையிலான பாதை). 4060-ல் 3072 கோர், 8 ஜிபி, 128 பிட். எல்லாமே குறைச்சல். அப்புறம் எப்படி சார் 4060 வேகமான கார்டு?

கோர் எண்ணிக்கையை க்ளாக்கோடு, அதாவது சிப் இயங்கும் வேகத்தோடு, சேர்த்துப் பாருங்கள். பூஸ்ட் க்ளாக் 3060-க்கு 1777 மெகாஹெர்ட்ஸ், 4060-க்கு 2460. ஒரு கோர் ஒரு க்ளாக்கில் இரண்டு கணக்குப் போடும் என்று பெருக்கினால் 3060-க்கு 12.7 டெராஃப்ளாப்ஸ் (செகண்டுக்கு 12.7 லட்சம் கோடி கணக்கு), 4060-க்கு 15.1 வரும். பஸ் குறுகியதை ஈடுகட்ட, சிப்புக்குள்ளேயே இருக்கும் சிறு மெமரியான எல்2 கேஷை 3 எம்பியிலிருந்து 24 எம்பியாகப் பெருக்கியிருக்கிறார்கள். கேஷிலேயே கிடைக்கிற டேட்டாவுக்காக மெமரி வரை போக வேண்டாம்.

பேண்ட்விட்த்தை, அதாவது மெமரியிலிருந்து செகண்டுக்கு எவ்வளவு டேட்டா வரும் என்பதை, நீங்களே கணக்கிடலாம். பஸ் அகலத்தை 8-ஆல் வகுத்து, மெமரி வேகத்தால் (3060-க்கு 15, 4060-க்கு 17 ஜிகாபிட்) பெருக்க வேண்டும். 3060-க்கு 24 × 15 = 360 ஜிபி, 4060-க்கு 16 × 17 = 272 ஜிபி, இரண்டும் ஒரு செகண்டுக்கு. ரெசல்யூஷன் ஏற ஏற கேஷில் அடங்காத டேட்டா கூடும். 1080பி-யில் 4060-க்குக் கிடைக்கிற முன்னிலை மேலே போகப்போகச் சுருங்குவது இதனால்தான்.

மின்சாரத்தில் போட்டியே இல்லை. 3060-க்கு 170 வாட், 4060-க்கு 115.

கேள்வி: ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 7600-ல் 2048 கோர்தான் இருக்கிறது. 4060-ன் 3072-உடன் அதை எப்படி ஒப்பிடுவது?

ஒப்பிடவே கூடாது. இரண்டு நிறுவனமும் கோரை எண்ணுகிற விதமே வேறு. ஒரே நிறுவனத்துக்குள்ளும் தலைமுறை மாறினால் இந்தக் கணக்கு உடைந்துவிடும். என்விடியாவின் 20 சீரிஸ் கார்டான 2080 டிஐ-யில் 4352 கோர், அடுத்த 30 சீரிஸின் 3070-ல் 5888. கேமில் இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகம். 30 சீரிஸில் ஒரு எஸ்எம்முக்கு (கோர்களின் தொகுப்பு) எண்ணப்படும் கோர் 64-லிருந்து 128 ஆனது. அதில் பாதி, முழு எண் கணக்கு வரும்போது அந்த வேலைக்குப் போய்விடும். கோர் எண்ணிக்கை ஒரே தலைமுறைக்குள் மட்டும் உதவும்.

கேள்வி: அண்ணா, இரண்டு கார்டும் கையில் இருக்கிறது. நானே சோதித்துப் பார்க்க என்ன செய்ய வேண்டும்?

நல்ல விஷயம், இதைவிட நம்பகமான ஒப்பீடு கிடைக்காது. ப்ராசஸர், ரேம், டிரைவர் பதிப்பு, கேம் பதிப்பு எதுவும் மாறக் கூடாது. மாறுவது கார்டு மட்டும்.

டிரைவரை முதலில் இறக்கி வைத்துக்கொண்டு இன்டர்நெட்டைத் துண்டியுங்கள். இல்லையென்றால் விண்டோஸ் தானே ஒரு டிரைவரைப் போட்டுவிடும். சேஃப் மோடில் டிடியூ (டிரைவரை முழுதாக நீக்கும் மென்பொருள்) ஓட்டி, பழைய டிரைவரைத் துடைத்து, ஷட்டவுன் செய்து கார்டை மாற்றுங்கள். பயாஸில் 'அபவ் 4ஜி டிகோடிங்', 'ரீசைசபிள் பார்' (கார்டின் மெமரி முழுவதையும் ப்ராசஸர் ஒரேயடியாக அணுக விடும் வசதி) இரண்டும் ஆனில் இருக்கட்டும். என்விடியா கன்ட்ரோல் பேனலின் சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் ரீசைசபிள் பாருக்கு நேராக 'யெஸ்' வந்தால்தான் அது வேலை செய்கிறது என்று அர்த்தம். ஃப்ரேமைத் திரையோடு ஒத்துப்போக வைக்கும் வி-சிங்க், ஜி-சிங்க், எஃப்பிஎஸ் (செகண்டுக்கு எத்தனை ஃப்ரேம்) லிமிட் மூன்றையும் அணைத்துவிடுங்கள்.

டிரைவர் மாறியதும் கேம் ஷேடர்களை (படத்தை வரையும் சின்ன நிரல்கள்) புதிதாகக் கம்பைல் செய்யும், அப்போது படம் விக்கும். அதனால் முதல் ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பத்துப் பதினைந்து நிமிடம் கேமை ஓடவிட்டு கார்டு சூடேறிய பிறகு அளந்து பாருங்கள். குளிர்ந்த கார்டு க்ளாக்கைக் கொஞ்சம் கூட்டிக் காட்டும். ஒரே வழியில் 60 செகண்ட் வீதம் மூன்று முறை ஓட்டி, ஃப்ரேம் நேரத்தை அளக்கும் கருவியான பிரசன்ட்மான் அல்லது கேப்ஃப்ரேம்எக்ஸில் பதிந்து, நடு எண்ணை எடுங்கள். மூன்று ஓட்டங்களும் தங்களுக்குள்ளேயே 3 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால், பின்னணியில் எதுவோ ஓடுகிறது. அதைக் கண்டுபிடிக்காமல் மேலே போகாதீர்கள்.

கேள்வி: பல கேம்களின் எஃப்பிஎஸ்ஸைக் கூட்டி சராசரி எடுத்தால் போதுமா?

ஏமாந்துவிடுவீர்கள். ஒரு கேமில் 'அ' கார்டுக்கு 400, 'ஆ' கார்டுக்கு 300. இன்னொன்றில் 'அ'வுக்கு 50, 'ஆ'வுக்கு 60. சாதாரண சராசரி 225-க்கு 180, 'அ' 25 சதவீதம் முன்னிலை என்று காட்டும். விகிதங்களைப் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள்: 1.333 × 0.833 = 1.11, வர்க்கமூலம் 1.054. உண்மையான முன்னிலை 5 சதவீதம்தான். கேம் மூன்றென்றால் கனமூலம்.

கேள்வி: சராசரி எஃப்பிஎஸ் இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் 8 ஜிபி கார்டில் மட்டும் விக்கல். ஏன்?

சராசரி விக்கலை மறைத்துவிடும். 6000 ஃப்ரேமில் 5940 ஃப்ரேம் 10 மில்லிசெகண்டிலும், 60 ஃப்ரேம் மட்டும் 50 மில்லிசெகண்டிலும் வந்ததாக வைத்துக்கொள்வோம். சராசரி 96 எஃப்பிஎஸ். பார்க்க அருமையான எண். ஆனால் 1% லோ, அதாவது மிக மெதுவான 1 சதவீத ஃப்ரேம்களின் வேகம், 20 எஃப்பிஎஸ்தான். கிட்டத்தட்ட செகண்டுக்கு ஒருமுறை படம் இடறும். 1% லோவைச் சில கருவிகள் 99-ஆவது பர்சன்டைலாகவும், சில மிக மெதுவான 1 சதவீத ஃப்ரேம்களின் சராசரியாகவும் கணக்கிடும். இரண்டு கார்டுக்கும் ஒரே கருவியைப் பயன்படுத்துங்கள்.

உங்கள் விஷயத்தில் மெமரி நிரம்புகிறது என்றுதான் தோன்றுகிறது. டாஸ்க் மேனேஜரில் ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) பக்கத்தைத் திறந்துவைத்து விளையாடுங்கள். கார்டின் சொந்த மெமரியைக் காட்டும் 'டெடிகேட்டட்' 8-ஐ நெருங்கி நிற்க, 'ஷேர்டு' ஏறிக்கொண்டே போனால், வழிந்த டேட்டா சிஸ்டம் ரேமுக்குப் போகிறது. டெக்ஸ்சர் தரத்தை ஒரு படி குறையுங்கள். நிழலையோ பிரதிபலிப்பையோ குறைத்தால் மெமரி அவ்வளவாக மிச்சமாகாது. சில கேம்கள் விக்காமல் டெக்ஸ்சரை மங்கலாக்கிச் சமாளிக்கும், அது எஃப்பிஎஸ்ஸில் தெரியாது. திரையையும் பாருங்கள்.

இன்னொன்று: காலி இடம் இருக்கும்வரை கேம் மெமரியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 12 ஜிபி கார்டில் 9 ஜிபி காட்டுகிறது என்பதாலேயே 8 ஜிபி பற்றாது என்று முடிவு கட்ட வேண்டாம்.

கேள்வி: என் போர்டு பழையது, கார்டு செருகும் ஸ்லாட் பிசிஐஇ 3.0. 4060-ஐப் போடலாமா சார்?

ஓடும். ஆனால் 4060-க்கு 8 லேன் (டேட்டா போகும் தடம்) மட்டுமே. 4.0-வில் செகண்டுக்குச் சுமார் 16 ஜிபி போகும், 3.0-வில் அது 8 ஆகிவிடும். மெமரிக்குள் அடங்கும் கேமில் இழப்பு சிறியது. மேலே சொன்ன மாதிரி மெமரி வழிந்தால் அடி பலமாக விழும், ஏனென்றால் வழிந்த டேட்டா இதே பாதையில்தான் வர வேண்டும். 3060-க்கு 16 லேன் உண்டு. பழைய போர்டு, பெரிய டெக்ஸ்சர் என்றால் நான் 3060 பக்கம் நிற்பேன். வாங்கும்போது 12 ஜிபிதானா என்று பாருங்கள். அதே பெயரில் 8 ஜிபி, 128 பிட் வகையும் இருக்கிறது, அது மெதுவானது.

கேள்வி: இரண்டு கார்டிலும் 90 எஃப்பிஎஸ்தான் வருகிறது. கார்டில் கோளாறா?

ஜிபியு யூசேஜ் எவ்வளவு? 95-க்கு மேல் இல்லையென்றால் நீங்கள் அளந்தது ப்ராசஸரை. ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். எஃப்பிஎஸ் அப்படியே நின்றால் ப்ராசஸர்தான் தடை.

கேள்வி: விளம்பரத்தில் 4060 இரட்டை மடங்கு என்று காட்டுகிறார்களே?

அந்தப் பட்டையின் கீழே சின்ன எழுத்தைப் படியுங்கள், ஃப்ரேம் ஜெனரேஷன் (இரண்டு ஃப்ரேமுக்கு நடுவே செயற்கையாக ஒன்றைச் சேர்க்கும் வசதி) ஆனில் இருக்கும். 3060-ல் என்விடியாவின் இந்த டிஎல்எஸ்எஸ் ஃப்ரேம் ஜெனரேஷன் கிடையாது. 80 எஃப்பிஎஸ் காட்டும்போது கேம் உண்மையில் கணக்கிடுவது 40-ஐத்தான். படம் வழுவழுப்பாகும், மவுஸுக்குப் பதில் சொல்கிற வேகம் கூடாது. அதற்குக் கூடுதல் மெமரியும் வேண்டும். அதை அணைத்துவிட்டு அளந்தால் 1080பி-யில் 4060 சராசரியாக 20 சதவீதம் போல முன்னே நிற்கும்.

கேள்வி: பிளெண்டர் (3டி மென்பொருள்), வீட்டிலேயே ஓட்டும் மொழி மாடல், வீடியோ பதிவு. எதற்கு எது?

மொழி மாடலுக்கு 3060. மாடல் மெமரிக்குள் அடங்க வேண்டும், 12 ஜிபி அங்கே கைகொடுக்கும். பிளெண்டரில் காட்சி 8 ஜிபிக்குள் அடங்கினால் 4060, அடங்காவிட்டால் 3060. ஏவி1 என்ற வீடியோ சுருக்க வடிவத்தில் பதிவு செய்ய 4060 மட்டுமே. 3060 ஏவி1 வீடியோவை ஓட்டிக் காட்டும், என்கோடு செய்யாது.