பன்னிரண்டு மணிக்கு மாமா யாரைக் கூப்பிடுகிறார்?

கேள்வி: திருக்காட்டுப்பள்ளி பக்கம் ஒரு கிராமத்தில் வாக்கப்பட்டு வந்தவள் நான். மாமனாருக்கு 82 வயது. சின்ன வயதில் பூசைக்கு உதவி செய்தவர். காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஆறு என மூன்று வேளையும் திண்ணையில் முழங்கால் போட்டு லத்தீனில் ஒரு செபம் சொல்கிறார். 'ஆஞ்செலுஸ் தோமினி' என்று ஆரம்பிக்கும். முடிந்ததும் எழுந்திருக்க நான்தான் கை கொடுக்க வேண்டும். பத்தாவது படிக்கும் என் மகன் தாத்தா மாதிரியே சொல்லிக் காட்டிச் சிரிக்கிறான். கோயிலில் ஒருவர், "லத்தீன் எல்லாம் எப்பவோ போயாச்சு, தமிழில் சொல்லச் சொல்லுங்க" என்கிறார். போன சித்திரையில் மாமா திடீரென்று அந்தச் செபத்தை விட்டு வேறு ஏதோ சொன்னார், அதுவும் நின்றுகொண்டே. சில வாரம் கழித்து மறுபடி பழையதுக்கே வந்துவிட்டார். ஞாபகம் தவறுகிறதோ என்று பயம். அவரை மாற்றுவதா, விட்டுவிடுவதா?
– பெயர் வேண்டாம், தஞ்சை மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரிக்கு, முதலில் அந்தப் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். உங்கள் மாமாவின் ஞாபகம் உங்களையும் என்னையும் விட நன்றாக இருக்கிறது. சித்திரையில் அவர் சொன்னதில் அடிக்கடி 'அல்லேலூயா' வந்ததா என்று யோசித்துப் பாருங்கள். வந்திருக்கும். உயிர்ப்பு ஞாயிறு தொடங்கி பெந்தகோஸ்து வரை, அந்த ஐம்பது நாளும், மாமா மூன்று வேளையும் சொல்லும் திரிகால செபத்துக்குப் பதில் 'ரெஜீனா சேலி', அதாவது விண்ணக அரசியே என்ற பாடலைச் சொல்ல வேண்டும் என்பது முறை. பதினான்காம் ஆசீர்வாதப்பர் என்ற பாப்பு (திருத்தந்தை) 1742-இல் ஏற்படுத்தியது. மகிழ்ச்சியின் காலம் என்பதால் அதை நின்றுகொண்டே சொல்வார்கள். சனி மாலையும் ஞாயிற்றுக்கிழமையும் மாமாவைக் கவனியுங்கள். பழைய வழக்கத்தில் வந்தவர் என்றால் அப்போதும் முழங்கால் போடமாட்டார். நாட்காட்டி பார்க்காமல் திருச்சபைக் காலத்தை மனசிலேயே வைத்திருக்கிறார் மனிதர். கோயிலில் உங்களுக்குப் புத்தி சொன்னவருக்கு இது தெரியுமா என்று எனக்குச் சந்தேகம்.

சரி, அந்தச் செபத்துக்கு வருகிறேன். தமிழில் அதைத்தான் திரிகால செபம், மூவேளை செபம் என்கிறோம். இதை யாரும் ஒரே நாளில் உட்கார்ந்து எழுதவில்லை. ஐரோப்பாவில் 13-ஆம் நூற்றாண்டில், சாயங்கால மணி அடிக்கும்போது மரியாவை வாழ்த்தும்படி பிரான்சிஸ்கன் துறவிகள் மக்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். மணி ஓசையோடு மூன்று தடவை 'அருள் நிறைந்த மரியே', அவ்வளவுதான். அதிலும் இன்று நாம் சொல்லும் இரண்டாம் பாதி அப்போது நிலையாகவில்லை. 1568-இல் ஐந்தாம் பத்திநாதர் பாப்பு வெளியிட்ட, குருக்கள் தினமும் சொல்லும் கட்டளைச் செபப் புத்தகத்தில்தான் அது இன்றைய வடிவத்தில் நின்றது. மாலை வழக்கத்தை 1318-இல் இருபத்திரண்டாம் அருளப்பர் பாப்பு பலன் (பாவத்துக்கான தண்டனையில் குறைப்பு) கொடுத்து ஆதரித்தார். காலை மணி பிறகு சேர்ந்தது.

பகல் மணியின் கதை வேறு. 1456-இல் துருக்கியர் படை பெல்கிரேடு கோட்டையை நெருங்கியபோது, நண்பகலுக்கும் மாலைக்கும் இடையில் எல்லாக் கோயில்களிலும் மணி அடித்து வேண்டிக்கொள்ளும்படி மூன்றாம் கலிஸ்துஸ் பாப்பு உத்தரவிட்டார். ஜூலையில் முற்றுகை முறிந்தது. போர் ஓய்ந்தும் மணி ஓயவில்லை. அது நாளடைவில் பன்னிரண்டு மணி செபமாகிவிட்டது. ஏதோ ஒரு கோட்டைக்காக அடிக்க ஆரம்பித்த மணிக்குக் காவிரிக்கரைத் திண்ணையில் ஒருவர் முழங்கால் போடுகிறார் என்பது எனக்கு வேடிக்கையாகவும் இருக்கிறது, பிடித்தும் இருக்கிறது.

யாருக்காக இது உண்டானது என்று பாருங்கள். மடத்தில் இருப்பவர்களுக்குச் சங்கீதப் புத்தகம் (பைபிளின் திருப்பாடல்கள்) இருந்தது, வாசிக்கத் தெரிந்தது, நேரமும் இருந்தது. கலப்பை பிடித்தவனுக்கும் அடுப்படியில் இருந்தவளுக்கும் இவை எதுவும் இல்லை. மணி காதில் விழுந்தால் போதும், கையில் இருக்கிறதை வைத்துவிட்டு மூன்று நிமிடம் வேண்டிக்கொள்ளலாம். மணி அடிக்கும் முறையிலேயே செபம் இருக்கிறது. மும்மூன்று அடி, நடுவில் இடைவெளி, கடைசியில் தொடர்ந்து அடிப்பார்கள். அந்த இடைவெளிதான் 'அருள் நிறைந்த மரியே' சொல்லும் நேரம். (இப்போது பல ஊர்களில் ஒலிபெருக்கியில் பதிவு மணியைப் போட்டுவிடுகிறார்கள். இடைவெளி இருக்க வேண்டிய இடத்தில் ஏதாவது பாட்டு ஓடுகிறது. என் காதுக்கு அது ஒத்துவரவில்லை.)

இப்போது லத்தீன் விஷயம். வாயால் கேட்டு, தமிழ் எழுத்தில் எழுதி வைத்து, அர்த்தம் பாதி தெரிந்து பாதி தெரியாமல் மனப்பாடம் செய்ததுதான் அந்தக் காலத்துப் பூசை உதவிப் பையன்களின் லத்தீன். உச்சரிப்பு கோணலாக இருக்கலாம். அதற்காகச் சிரிக்க வேண்டியதில்லை. கும்பகோணம் மறைமாவட்டம் 1899-இல் பிரெஞ்சுக் குருக்கள் நடத்திவந்த புதுச்சேரியிலிருந்து பிரிந்தது. தஞ்சாவூர் மறைமாவட்டம் 1952-இல், போர்த்துகீசியர் ஆதரவில் வளர்ந்த மயிலாப்பூரிலிருந்து பிரிந்தது. எந்தத் தேசத்துச் சாமியாரிடம் கற்றார்களோ, அந்தத் தேசத்து வாடை லத்தீனில் ஒட்டிக்கொண்டது. அந்தப் பிரெஞ்சுக்காரர்களுக்கே, "ரோமையில் சொல்கிற மாதிரி சொன்னால் நல்லது" என்று 1912-இல் பத்தாம் பத்திநாதர் பாப்பு எழுத வேண்டியிருந்தது.

"லத்தீன் போயாச்சு" என்பதும் சரியில்லை. வழிபாட்டில் தாய்மொழிக்கு இடம் கொடுத்த 1963-ஆம் ஆண்டு இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்க ஏடே லத்தீனைக் காப்பாற்றும்படியும் சொல்கிறது. அதோடு இது பூசை இல்லை, வீட்டுச் செபம். எந்த மொழியில் சொன்னாலும் செல்லும். 1974-இல் ஆறாம் பவுல் பாப்பு, இந்தச் செபத்தைத் திருத்த வேண்டிய அவசியமே இல்லை என்று எழுதியிருக்கிறார்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது வேறு. மாமா தனியாகச் சொல்கிறார். இந்தச் செபம் தனியாகச் சொல்வதற்காக அமைந்ததில்லை. நடவு வயலில் ஒருத்தி பாட மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்களே, அதே அமைப்பு. ஒருவர் "ஆஞ்செலுஸ் தோமினி நூன்சியாவித் மரியே" (ஆண்டவருடைய தூதர் மரியாவுக்குத் தூதுரைத்தார்) என்றால், கூட இருப்பவர்கள் "எத் கொன்செப்பித் தே ஸ்பிரித்து சாங்க்தோ" (அவரும் தூய ஆவியால் கருத்தரித்தார்) என்று பதில் சொல்ல வேண்டும். அடுத்து, லூக்கா நற்செய்தியில் மரியா சொன்ன "இதோ ஆண்டவரின் அடிமை". மூன்றாவது, யோவான் நற்செய்தியின் "வாக்கு மனிதர் ஆனார்". ஒவ்வொன்றுக்கும் பதில் உண்டு. இரண்டு பேர் பங்கையும் மாமாவே சொல்லிக்கொண்டிருக்கிறார். அத்தை இருந்த காலத்தில் யார் பதில் சொன்னார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

ஆகவே மாற்றவும் வேண்டாம், சும்மா விட்டுவிடவும் வேண்டாம். நாளைப் பகல் பன்னிரண்டுக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். அவர் லத்தீனில் முன்வரியைச் சொல்லட்டும். உங்கள் செபப் புத்தகத்தில் இருக்கிற பதிலை நீங்கள் தமிழில் சொல்லுங்கள். கலந்து சொல்லலாமா என்று அவரே தயங்கினால், தாராளமாகச் சொல்லலாம் என்று நான் எழுதியதாகச் சொல்லுங்கள். கடைசியில் வரும் நீளமான மன்றாட்டை அவரிடமே விட்டு 'ஆமென்' மட்டும் சொன்னால் போதும். கிறிஸ்துமஸுக்கு முந்திய திருவருகைக் காலத்து நான்காம் ஞாயிறு பூசையில் சாமியார் தொடக்கத்தில் சொல்வதும் அதே மன்றாட்டுதான்.

முழங்காலுக்கு வருகிறேன். "வயசாச்சு, உட்கார்ந்து சொல்லுங்க மாமா" என்றால் கேட்கமாட்டார். முறை தெரிந்தவரிடம் முறையைச் சொல்லித்தான் பேச வேண்டும். மணி ஓசை கேட்டு முழங்காலில் நின்று சொன்னால்தான் பலன் என்று 1724-இல் வந்த நிபந்தனையை, பதின்மூன்றாம் சிங்கராயர் பாப்பு 1884-இலேயே தளர்த்திவிட்டார். தகுந்த காரணம் இருந்தால் முழங்காலும் வேண்டாம், மணியும் வேண்டாம். இதை அவரிடம் வாசித்துக் காட்டுங்கள். ஒரு நாற்காலியைத் திண்ணைச் சுவரை ஒட்டிப் போட்டு வையுங்கள். மூட்டுக்கு ஒருமுறை டாக்டரிடமும் காட்டிவிடுங்கள்.

அப்புறம் உங்கள் மகன். அவனைத் திட்டாதீர்கள். கேலி செய்யும் அளவுக்கு வரிகள் அவனுக்கு ஏற்கெனவே மனப்பாடம் ஆகிவிட்டனவே! ஞாயிற்றுக்கிழமைகளில் ரோமை நேரம் பகல் பன்னிரண்டுக்குத் திருத்தந்தை வத்திக்கான் ஜன்னலில் நின்று இதே செபத்தை லத்தீனில்தான் சொல்கிறார். நமக்கு அது கோடையில் மாலை மூன்றரை, அங்கே குளிர்காலம் என்றால் நாலரை. போனில் அதைப் போட்டுக் காட்டும் வேலையை மகனிடம் கொடுங்கள். சதுக்கத்துக் கூட்டம் பதில் சொல்லும்போது தாத்தாவும் சேர்ந்து சொல்வார். அவர் சொல்வது சரியா தப்பா என்று அவனே சரிபார்க்கட்டும்.