தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கிறது, நியான் டெட்ரா மீன் ஏன் சாகிறது?

கேள்வி: சென்னையில் வசிக்கிறோம், போர் தண்ணீர்தான். டி.டி.எஸ். (நீரில் கரைந்த உப்புகளின் அளவு) 900, பி.எச். (புளிப்பு-காரத் தன்மையின் அளவு) 8. இரண்டடித் தொட்டி வாங்கி, மறுநாளே 12 நியான் டெட்ரா விட்டோம். நான்காம் நாளிலிருந்து தினமும் ஒன்றிரண்டு செத்து, இப்போது ஐந்துதான் மிச்சம். கடையில் சொன்னபடி உப்பும் நீல மருந்தும் போட்டோம். முழுத் தண்ணீரையும் மாற்றி, ஃபில்டர் ஸ்பாஞ்சையும் பளிச்சென்று கழுவினோம். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. பிறகும் ஏன் சாகிறது?

பதில்: முதல் இரண்டு நாளில் செத்திருந்தால் பயண அலுப்பு, தண்ணீர் மாறிய அதிர்ச்சி என்று சொல்லலாம். நான்காம் நாளில் தொடங்கியது என்றால் முதல் சந்தேகம் அமோனியா மேல்தான். அதற்கு நிறம் கிடையாது; பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. மீன் செவுள் வழியாகவே அமோனியாவை விடுகிறது, மிஞ்சிய தீனியும் அழுகிச் சேர்க்கிறது. ஓடிப் பழகிய தொட்டியில் ஸ்பாஞ்சிலும் கற்களிலும் ஒட்டியிருக்கும் பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், பிறகு அதிகக் கேடு செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்றும். அந்தக் கூட்டம் உருவாக 4 முதல் 6 வாரம் ஆகும். நீங்கள் கொடுத்தது ஒரு நாள்.

உங்கள் பி.எச். இதை இன்னும் மோசமாக்குகிறது. 25 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7 என்றால் மொத்த அமோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்குகூட விஷ வடிவில் இருக்காது. பி.எச். 8-ல் அது ஏறக்குறைய 5 பங்கு. அதே தொட்டி, அதே மீன், பத்து மடங்கு விஷம்.

நீல மருந்து, அதாவது மெத்திலீன் புளூ, பூஞ்சைக்கு நல்லது. ஆனால் நமக்கு வேண்டிய பாக்டீரியாவையும் அது விட்டுவைக்காது. குறைந்தபட்சமாக வளர்ந்திருந்ததையும் கழுவிய ஸ்பாஞ்சோடு வெளியேற்றிவிட்டீர்கள். உப்பு விஷயத்தில் மட்டும் கடைக்காரர் பாதி சரி: அதிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியே இரத்தத்தில் ஏறுவதைத் தடுக்கும். 50 லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் கல்லுப்பு போதும். அமோனியாவுக்கு அது மருந்தல்ல.

இன்று செய்ய வேண்டியது: இரண்டு நாள் தீனி நிறுத்துங்கள், ஒன்றும் ஆகாது. தினமும் கால்வாசி முதல் 30 சதவீதம் வரை தண்ணீர் மாற்றுங்கள். நீரில் சொட்டு விட்டு நிறம் பார்க்கும் டெஸ்ட் கிட் ஒன்று வாங்கி, அமோனியாவும் நைட்ரைட்டும் லிட்டருக்கு 0.25 மில்லிகிராமுக்குக் கீழே நிற்கிறதா என்று தினமும் பாருங்கள். இரண்டும் சுழியமாகி ஒரு வாரம் நின்ற பிறகே புது மீன். அப்போதும் ஆறு மட்டும். ஐந்தோடு ஆறு சேர்ந்தால் பதினொன்று. இந்தத் தொட்டிக்கு அது போதும். கூட்டம் ஆறுக்குக் கீழே போனால் நியான் மூலையில் ஒளிந்துகொள்ளும்.

ஸ்பாஞ்ச் கழுவும் முறை: தொட்டியிலிருந்து எடுத்த அரை வாளி தண்ணீரில் முக்கி, இரண்டு மூன்று தடவை பிழியுங்கள். பழுப்புச் சாறு வந்ததும் நிறுத்திவிடுங்கள். ஸ்பாஞ்ச் அழுக்காகவே தெரிய வேண்டும். வெள்ளையானால் வேலை கெட்டது. போர் தண்ணீரில் குளோரின் இராது. மெட்ரோ தண்ணீருக்கு மாறினால் குளோரினை நீக்கும் திரவம் சேர்க்காமல் ஊற்றக் கூடாது.

அடுத்து, 900 டி.டி.எஸ். நியானின் பூர்வீகம் மேல் அமேசான். அங்கே தண்ணீர் மென்மையானது, புளிப்புத் தன்மை உள்ளது. 20 லிட்டர் வாளியில் 15 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரும் 5 லிட்டர் போர் தண்ணீரும் கலந்தால் டி.டி.எஸ். 250 அளவுக்கு வரும். தினசரி மாற்றும் தண்ணீரை இப்படிக் கலந்தால் மீனும் மெல்லப் பழகும்; ஒரே நாளில் மாற்றாதீர்கள். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவு நீரைச் சேமித்து ஊற்றுபவர்கள் உண்டு. போர் தண்ணீரை விடக் கடினமான தண்ணீர் அது, பாத்திரம் தேய்க்க வைத்துக்கொள்ளுங்கள். பி.எச். குறைக்கும் திரவமும் வேண்டாம்: கடின நீரில் மறுநாளே பழைய இடத்துக்கு ஏறிவிடும், அந்த ஏற்ற இறக்கம் மீனுக்கு இன்னொரு அடி.

புது மீன் வந்ததும் பையைக் கால் மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு, பிறகு மீனைப் பை நீரோடு சிறு வாளியில் விடுங்கள். ஏர் டியூபில் ஒரு முடிச்சுப் போட்டு, வினாடிக்கு இரண்டு மூன்று சொட்டு விழும்படி தொட்டித் தண்ணீரை வாளியில் இறக்குங்கள். நீர் மூன்று மடங்கானதும் மீனை மட்டும் வலையால் எடுத்துத் தொட்டியில் விடுங்கள். பை நீர் தொட்டிக்குள் போகக் கூடாது.

மே மாதத்தில் நீர் 30 டிகிரியைத் தாண்டினால் மூடியைத் திறந்து, நீர்ப்பரப்பின் மேல் சிறு ஃபேன் ஓடவிடுங்கள். இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆர்.ஓ. கலக்கிற வேலை ஆகாது என்றால் நியானை விட்டுவிட்டு ஸீப்ரா டேனியோ வாங்குங்கள். கடின நீரைச் சமாளிக்கும், அதுவும் கூட்டமாகத்தான் திரியும்.

இரவில் விளக்கைப் போட்டதும் நியான் வெளிறித் தெரிந்தால் பயப்பட வேண்டாம், இருட்டில் அது நிறத்தை அடக்கிக்கொள்ளும். பகலிலும் பட்டை வெளுத்து, முதுகு வளைந்து, கூட்டத்தை விட்டுத் தனியே நின்றால் அது நியான் நோயாக இருக்கலாம். அதற்கு மருந்து இல்லை. அந்த மீனை அன்றே பிரித்து வையுங்கள், செத்த மீனை மற்றவை கொத்தவிடாதீர்கள்.