இந்தியாவும் வியட்நாமும்: சரக்கு வணிகக் கணக்கு, கேள்வி பதில்

நெல் டெல்டா நமக்கும் உண்டு, வியட்நாமுக்கும் உண்டு. ஆனால் ஏற்றுமதி இறக்குமதிக் கணக்கில் இரண்டு நாடும் எதிரெதிர்த் திசையில் நிற்கின்றன. அவர்கள் உலகத்திடம் வாங்குவதைவிட அதிகம் விற்கிறார்கள், அது உபரி. நாம் விற்பதைவிட அதிகம் வாங்குகிறோம், அது பற்றாக்குறை, அதாவது பள்ளம். கும்பகோணத்தில் கல்லூரியில் பொருளாதாரம் நடத்தி ஓய்வு பெற்றவன் என்பதால் கேள்விகள் என்னிடம் வந்தன.

மன்னார்குடி மாணவி: சார், செமினாருக்கு இரண்டு நாட்டையும் ஒப்பிட வேண்டும். எங்கே தொடங்குவது?

முதலில் ஆண்டைப் பாரம்மா. நம் கணக்கு ஏப்ரலில் தொடங்கும், அவர்களுடையது ஜனவரியில். அப்புறம் விலை. ஏற்றுமதியைக் கப்பலேறும் இடத்து விலைக்கும், இறக்குமதியைக் கப்பல் கூலி, இன்சூரன்ஸ் சேர்த்தும் எழுதுவது வழக்கம். நெல்லைக் களத்து விலைக்கு விற்றுவிட்டு, உரத்தை வண்டி வாடகையோடு எழுதுவது போல. அதனால் ஒரே சரக்குக்கு இரு நாட்டுப் புத்தகத்திலும் இரண்டு தொகை இருக்கும், பயப்படாதே. வெறும் டாலரோடு நிறுத்தாமல் அந்தந்த நாட்டின் மொத்த உற்பத்தியில் எத்தனை சதவீதம் என்றும் போடு.

திருத்துறைப்பூண்டி விவசாயி: அவர்கள் உபரியில் இருக்க, நாம் மட்டும் ஏன் பள்ளத்தில்?

அவர்களும் பள்ளத்தில் இருந்தவர்கள்தான். 2007ல் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தார்கள், அடுத்த ஆண்டே பெரிய பற்றாக்குறை. 2012ல் உபரிக்கு வந்தவர்கள், 2015ல் மட்டும் சறுக்கினார்கள். 2023ல் ஏற்றுமதி சுமார் 35,500 கோடி டாலர், இறக்குமதி 32,700 கோடி. பெரிய காரணம் கைப்பேசியும் மின்னணுப் பொருளும். சாம்சங் 2009ல் வடக்கு வியட்நாமின் பாக் நின்னில் ஆலை தொடங்கியது. ஆனால் உதிரிபாகம் நிறைய சீனாவிலிருந்து வருகிறது. அதாவது அமெரிக்காவுக்கு விற்பதில் உபரி, சீனாவிடம் வாங்குவதில் பற்றாக்குறை. மொத்த எண் இதைக் காட்டாது.

நமக்குச் சுதந்திரத்துக்குப் பிறகு 1972–73, 1976–77 என்று இரண்டே ஆண்டுகள்தான் உபரி. 2022–23ல் 45,100 கோடி டாலருக்கு விற்று 71,600 கோடிக்கு வாங்கினோம். கச்சா எண்ணெய் விலை ஏறினால் நம் பள்ளமும் ஆழமாகும். உபரி வந்தால் நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. 2020 ஜூனில், 18 ஆண்டுகளில் முதல் முறையாக ஒரு மாதம் உபரி வந்தது. கொரோனாவில் ஊரே முடங்கிக் கிடந்ததில் எண்ணெயும் தங்கமும் வாங்க ஆளில்லை, அவ்வளவுதான்.

தஞ்சாவூர் அரிசி ஆலைக்காரர்: 2023ல் அரிசி ஏற்றுமதிக்குப் போட்ட தடையாலா வணிகப் பற்றாக்குறை?

இல்லை. ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசிக்குத் தடை, ஆகஸ்டில் புழுங்கலுக்கு 20 சதவீத ஏற்றுமதி வரி. உங்களுக்கு வலித்திருக்கும், நியாயம்தான். ஆனால் 2023–24ல் மொத்த அரிசி ஏற்றுமதியே ஆயிரம் கோடி டாலர் சொச்சம். அந்த ஆண்டுப் பற்றாக்குறையோ சுமார் 24,100 கோடி. வெள்ளை அரிசித் தடை 2024 செப்டம்பரில் நீங்கிவிட்டது.

நாகப்பட்டினம் வாசகர்: என் மகன் சிங்கப்பூரிலிருந்து அனுப்பும் பணம் இதில் சேருமா?

சேராது. சென்னையில் எழுதி விற்கும் மென்பொருளும் சேராது. இது சரக்குக்கு மட்டுமான கணக்கு. அவை இரண்டும்தான் நம் பள்ளத்தில் பெரும்பகுதியை நிரப்புகின்றன.

திருவாரூர் அம்மா ஒருவர்: பெண் கல்யாணத்துக்குத் தங்கம் வாங்கினால் பழி என் மேலா?

2023–24ல் தங்கத்துக்கு மட்டும் சுமார் 4,500 கோடி டாலர் போனது உண்மை. உங்கள் பத்துப் பவுனால் நாடு கவிழாது. மனசு உறுத்தினால் பழைய நகையை அழித்துச் செய்யுங்கள், அது இறக்குமதிக் கணக்கில் ஏறாது. செய்கூலி மட்டும் உங்கள் தலையில்.